துடைத்த இடத்தில் ஒரு விரல்

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று தங்கச்சி மகள் பார்கவிக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சோறு, அதற்கு மேல் தங்கச்சி மாமியாரின் ஊர் வம்பு. என் இரண்டு கைக்கும் மருதாணி வைத்துவிட்டார்கள். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது. போன மாதம் லேபில் கிருமிகளை ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவ் மூடி விழுந்து இடது ஆள்காட்டி விரல் நகம் கொஞ்சம் தூக்கிக்கொண்டது. பார்க்க அசிங்கமாக இருந்ததை மருதாணி நன்றாக மூடிவிட்டது. நகத்துக்கும் நல்லதுதானே.

இன்று லேபில் முப்பத்தெட்டு சாம்பிள். சிறுநீர், சளி, சீழ் என்று வரிசை. எந்தக் கிருமி என்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று எழுதிக் கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் பிழைப்பு.

பதினொரு மணிக்குப் பச்சைக் குழந்தை வார்டிலிருந்து போன். மேலப்பட்டி ரேவதியின் குழந்தைக்கு மஞ்சள் காமாலை டெஸ்ட். மூன்று பேர் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லையாம். போனேன், ஒரே குத்தில் எடுத்தேன். சிஸ்டர் லில்லி, "ஆவுடையக்கா, ஒங்க கைராசி யாருக்கும் வராது" என்றாள். ராசியும் இல்லை, மண்ணும் இல்லை. கையுறையில் ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு வெறும் விரலால் இன்னொரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். பச்சைக் குழந்தையின் நரம்பு சேமியா கனம்தான் இருக்கும். ரப்பரைப் போட்டுக்கொண்டு அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? லில்லிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் பயம், வெட்ட மாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கேஸ் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டர் வியாழன்தான் வருமாம். இரவு ரவா உப்புமா, பக்கத்து வீட்டு அடுப்பில்.

செப்டம்பர் 4, வியாழன்

ரேவதியின் குழந்தை நேற்றிரவு முதல் பால் குடிக்கவில்லையாம். உடம்பு சில்லிட்டுப் போகிறதாம். பச்சைக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வராது, இப்படித்தான் குளிர்ந்து போகும். வார்டு டாக்டர் சாமுவேல், கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சருக்கு ரத்தம் கேட்டார். நான்தான் எடுத்தேன். பாட்டிலை முப்பத்தேழு டிகிரியில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்படியே பக்கத்துத் தொட்டிலில் கிடந்த இரட்டைப் பிள்ளையில் மூத்ததற்கும் ரத்தம் எடுத்தேன். அதற்குக் காமாலை டெஸ்ட்தான். அதுவும் ஒரே குத்து.

வெளியே வரும்போது ஆயா பேச்சித்தாய் வாளியோடு எதிரே வந்தாள். "கை கழுவினியா?" என்றேன். "இப்பத்தாம்மா கழுவினேன்" என்றாள். இப்பத்தான் கழுவினாளாம்! எந்நேரம் கேட்டாலும் இதே பதில்தான்.

செப்டம்பர் 5, வெள்ளி

ரேவதி குழந்தையின் பாட்டில் கலங்கிவிட்டது. ஒரே நாளில் கலங்கினால் உள்ளே இருப்பது வேகமான ஆள் என்று அர்த்தம்.

ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தடவி, தீயில் காட்டி, சாயம் ஏற்றினேன். ஊதா ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், ஸ்பிரிட் கழுவல், கடைசியில் சிவப்பு. ஊதாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது ஒரு ஜாதிக் கிருமி. ஸ்பிரிட் பட்டதும் ஊதாவை விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்றுக்கொள்வது இன்னொரு ஜாதி. எந்த ஜாதி என்று தெரிந்தாலே பாதி மருந்துகளைத் தள்ளிவிடலாம். இது சிவப்பு. மெல்லிய, நீளமான குச்சிகள்.

மேலே வார்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஜென்டாமைசின் மருந்து ஏற்கெனவே போகிறது, தொடரலாம் என்றார்கள். கிருமி வளர்க்கிற பிளேட்டில் கீறி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பெயர் தெரியும்.

செப்டம்பர் 6, சனி

பிளேட்டைத் திறந்ததும் அந்த இனிப்பு வாசனை. அழுகிய திராட்சைக் குலையைப் பையில் கட்டி வைத்தால் வருமே, அது. தட்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. ஆக்ஸிடேஸ் சோதனைக் காகிதத்தில் தடவினேன். ஐந்து எண்ணுவதற்குள் கத்தரிப்பூ நிறம். சூடோமோனாஸ். சந்தேகமே இல்லை.

டாக்டர் மெஹருன் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் லேபுக்கு அவர்தான் தலைவி. முப்பத்தொன்பது வயது, என்னைவிட எட்டு வயது சின்னவர். பேசுவது குறைவு. "தண்ணியில வாழ்ற கிருமி. பொறந்து ஆறு நாள்ல இது எப்படிக் குழந்தைக்கு வந்துச்சு?" என்றார்.

நான் என்ன சொல்ல? வார்டில் தண்ணீர் புழங்குகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு பிளேட்டில் கிருமியைப் பரப்பி மருந்து வில்லைகள் வைத்தேன், எந்த மருந்து கொல்கிறதோ அந்த வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். நாளை காலை தெரியும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் போனேன். ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை, கிருமி வில்லை வரைக்கும் ஏறி வளர்ந்திருக்கிறது. அமிகாசினுக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் வட்டம். மருந்தை மாற்றச் சொல்லி ஓடினேன். படிக்கட்டிலேயே லில்லி நின்றாள். குழந்தை ஆறு மணிக்கே போய்விட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

இரட்டையில் மூத்த பிள்ளை இன்று காலையிலிருந்து சில்லிட்டுப் போகிறது. தம்பிப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒரே வயிறு, ஒரே பால், ஒரே வார்டு. ஒன்றுக்கு வருகிறது, ஒன்றுக்கு வரவில்லை. என்ன கணக்கோ!

டாக்டர் சாமுவேல் கல்ச்சருக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, இந்தத் தடவை நேராக அமிகாசின் போட்டார். ரேவதி குழந்தையின் ரிப்போர்ட்டால் இந்தப் பிள்ளைக்கு மூன்று நாள் மிச்சம்.

மத்தியானம் கூட்டம். கிருமி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை வார்டில் புதுப் பிள்ளை சேர்க்கக் கூடாது என்றார்கள். தேட வேண்டியது நாங்கள். நானும் டாக்டர் மெஹருனும்.

செப்டம்பர் 9, புதன் என்று எழுதிவிட்டேன், செவ்வாய்

நாள் முழுக்க வார்டில். குழாய், தொட்டி, வார்மர் விளிம்பு, தராசு, ஸ்டெதஸ்கோப், பால் பாத்திரம், சோப்புக் குப்பி என்று முப்பத்தொரு இடத்தில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தேன். முதுகு விட்டுப் போயிற்று.

அப்புறம் கைகள். வார்டுக்குள் கால் வைக்கிற எல்லோரும் ஆளுக்கொரு பிளேட்டில் ஐந்து விரலையும் அழுத்த வேண்டும் என்பது டாக்டர் மெஹருனின் உத்தரவு. பதினான்கு பேர். டாக்டர் சாமுவேல் முதல் நம்பர். பேச்சித்தாய் கை நடுங்கிக்கொண்டே அழுத்தினாள். "ஏன் நடுங்குத? கரண்டா அடிக்கி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பதினான்காவது பெயர் என்னுடையது. மணி ஐந்தரை ஆகிவிட்டது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க ஸ்பிரிட்டில் நனைகிற கை இது. என் பிளேட்டையும் பெயர் எழுதி மற்றதோடு அடுக்கி வைத்துவிட்டேன்.

அழுத்தினேனா என்று யாரும் கேட்கப்போவதில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்

பிடித்துவிட்டோம்! வார்டு மூலையில் இருக்கும் கை கழுவும் தொட்டியின் வாயில் துடைத்து எடுத்த பிளேட்டில் பச்சை. வாசனையும் அதேதான். சாயம் சிவப்பு, குச்சி, ஆக்ஸிடேஸ் கத்தரிப்பூ. அந்தத் தொட்டியில்தான் பேச்சித்தாய் வாளி நிரப்புகிறாள், பால் பாத்திரம் அலசுகிறாள், கையையும் கழுவுகிறாள்! அவள் கை பிளேட்டிலும் இரண்டு பச்சைப் புள்ளிகள். மருந்து வில்லை முடிவு வருவதற்கு முன்னாலேயே மேலே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். எத்தனை பேர் பயந்துபோய் இருக்கிறார்கள், ஒரு நாள் எதற்குக் காக்க வைக்க வேண்டும்?

கை பிளேட்டுகளை டாக்டர் மெஹருன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் புள்ளி. தோலில் எப்போதும் இருக்கிற சாதாரணக் கிருமிகள். பதினான்காவதை, என்னுடையதை, எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லார் கையிலயும் ஏதாவது இருக்கும் ஆவுடைம்மா. உங்க கையில ஒண்ணுமே இல்லையே?"

"அப்பத்தான் ஸ்பிரிட் போட்டுக் கழுவினேன் டாக்டர்."

அவர் பிளேட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தார். 'வளர்ச்சி இல்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டேன்.

நான்கு மணிக்கு வார்டில் ஒரு காமாலை டெஸ்ட். சண்முகவடிவு என்று ஒரு பெண், முப்பத்தைந்து இருக்கும், பீடி சுற்றுகிறவள். பதினோரு வருடத்துக்குப் பிறகு பிறந்த ஆண் குழந்தை, எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து, ஆறாம் தேதியிலிருந்தே வார்டில் கிடக்கிறது. ஒன்றே முக்கால் கிலோ. கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டு வெளியே வந்தால், கையுறையைக் கழற்றின என் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். "புள்ள சிணுங்கக்கூட இல்லக்கா. நீங்க நல்லா இருப்பீய" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 11, வியாழன்

பேச்சித்தாயை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை வரக் கூடாதாம். போகும்போது லேப் வாசலில் வந்து நின்றாள். "யம்மா, நான் அந்தப் புள்ளயள என் கையால தொட்டதுகூட கெடையாது. பாத்திரத்தக் கழுவி வச்சிருவேன், அம்புட்டுத்தான். சிஸ்டருமாருதான் ஊட்டுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்கம்மா" என்றாள். பிளேட் சொல்வதைத்தான் நான் எழுத முடியும் என்றேன். தொட்டியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் தொட்டிக் கிருமிக்கு வில்லை முடிவு பார்த்தேன். ஜென்டாமைசினுக்கு இருபத்தொரு மில்லிமீட்டர் வட்டம். பேச்சித்தாயின் கையில் இருந்ததற்கும் அப்படியே. அமிகாசினுக்கும் பெரிய வட்டம்.

இரண்டு பிள்ளைகளின் ரத்தத்தில் இருந்ததற்கும் ஜென்டாமைசினில் வட்டமே இல்லை. ஒரே கிருமி என்றால் வட்டமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

வில்லை பழசாக இருக்கலாம். பிளேட் ஊற்றினது கனம் குறைந்திருக்கலாம். வட்டம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். டாக்டர் மெஹருன் இன்று மதுரையில் ஏதோ மீட்டிங். அவர் வரட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

டாக்டர் மெஹருன் வந்தார். நான் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. வேலை அப்படி.

இரட்டையில் மூத்தது பால் குடிக்கத் தொடங்கிவிட்டதாம். அப்பாடா!

சாயங்காலம் நகத்துக்கு மறுபடி மருதாணி அரைத்து வைத்தேன். நுனியில் கருத்துப்போய் இருக்கிறது. மருதாணி கருகருவென்று பிடித்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்பார்களே என்று இவரிடம் நீட்டிக் காட்டினேன். விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது கருப்பு இல்ல, பச்சையால்லா இருக்கு. டாக்டர்ட்ட காட்டு" என்றார். இவருக்குக் கண் டெஸ்ட் பண்ணி நாலு வருஷமாகிறது.

செப்டம்பர் 13, சனி

வடிவின் குழந்தை சில்லிட்டுவிட்டது.

தொட்டி இல்லை. பேச்சித்தாய் இல்லை. பிறகு எப்படி?

கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். போய் எடுத்தேன். வடிவு கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் பக்கம் திரும்பாமல் பின்படி வழியாக இறங்கி வந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாட்டில் கலங்கியிருந்தது. சாயம் ஏற்றினேன். சிவப்புக் குச்சிகள். ஊதாவாக இருந்துவிடாதா என்று ஸ்பிரிட்டைக் குறைத்து இரண்டாவது ஸ்லைடு போட்டேன். அதுவும் சிவப்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஸ்லைடிடம் இப்படிக் கெஞ்சியதில்லை.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முன்னால் புரட்டினேன். வார்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்ன நடந்தது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தது நான் ஒருத்திதான்.

ரேவதி குழந்தை: ஒன்றாம் தேதி ரத்தம் எடுத்தேன். மூன்றாம் தேதி இரவு சில்லிட்டது.
இரட்டையில் மூத்தது: நான்காம் தேதி எடுத்தேன். எட்டாம் தேதி.
வடிவு குழந்தை: பத்தாம் தேதி எடுத்தேன். பதின்மூன்று.
இரட்டையில் இளையது: நான் தொடவே இல்லை. அதற்கு ஒன்றும் இல்லை.

தொட்டியும் இல்லை, வாளியும் இல்லை. இதில் எல்லாம் இருப்பது நான்.

இவர் சாப்பிடக் கூப்பிடுகிறார். பசிக்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஏழு மணிக்கே லேபுக்குப் போய்விட்டேன். யாரும் இல்லை. நகவெட்டியால் இடது ஆள்காட்டி விரலின் தூக்கிய நகத்தைச் சதை வரைக்கும் வெட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடியில் ஈரமாக, வழவழவென்று இருந்தது. மருதாணி மேலேதான் சிவப்பு. திருப்பிப் பார்த்தால் பாசி பிடித்த பச்சை. இவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அந்த நகத்தைப் பிளேட்டில் தேய்த்துக் கீறினேன். பெயர் எழுதும் இடத்தில் பேனா ஓடவில்லை. கடைசியில் 'ஆவுடைச்செல்வி, இ. ஆ. விரல்' என்று எழுதி இன்குபேட்டரில் வைத்தேன். தப்பாகவும் இருக்கலாம். நாளைக் காலை வரை தெரியாது. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தே கால் இருக்கும். போன். லில்லி அழுகிறாள். "யக்கா, ஓடி வாங்க. வடிவு புள்ளைக்குப் போட்டிருந்த ஊசி வெளிய வந்துட்டு. நரம்பே இல்ல. அமிகாசின் போவணும், சாமுவேல் டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல. நாலு எடத்துல குத்திட்டேன். புள்ளைக்கு நீலம் பாயுது யக்கா."

ஓடினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. வார்டு வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே லில்லி, கையில் கத்தரியும் கையுறையும். எனக்கு வெட்டிக் கொடுக்கத் தயாராக நிற்கிறாள். வடிவு சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வந்துட்டீயளா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

"நான் உள்ள வரமாட்டேன்" என்றேன்.

லில்லிக்குப் புரியவில்லை. "என்னக்கா வெளையாடுதீங்க?"

"வரமாட்டேன்னு சொல்லுதேன்லா! நீதான் போடப்போற. அந்தக் கத்தரியக் கீழ போடு. புதுக் கிளவுஸ் எடு. வெட்டாத. முழுசாப் போடு."

"நீங்கதான வெட்டச் சொல்லித் தந்தீங்க?"

"லில்லி, சொன்னதச் செய்யிட்டி!"

அவள் போட்டுக்கொண்டாள். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னேன். கையை விடு, காலுக்குப் போ. கணுக்காலுக்கு உள்பக்கம், எலும்புக்கு முன்னால். வெந்நீர்ப் பஞ்சை வைத்து அரை நிமிடம் எண்ணு. கண்ணால் தேடாதே, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு. அழுத்தாதே, சும்மா வை. எங்கே மெத்தென்று எழும்புகிறதோ அங்கே நிறுத்து. இப்போது துடை. துடைத்த பிறகு தொடாதே, தொடவே கூடாது. நேராகப் போ.

குழந்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. லில்லியின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வடிவு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ரத்தம் வருதுக்கா" என்றாள் லில்லி. "வந்துட்டு."

முழுக் கையுறையோடுதான் பிடித்தாள். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

வடிவு என் கையைத் தேடினாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்குபேட்டர் கதவைத் திறந்தபோதே வாசனை வந்துவிட்டது. பிளேட்டை எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

எடுத்துப் பார்த்தேன். பச்சை. சாயம் சிவப்பு. ஆக்ஸிடேஸ், மூன்று எண்ணுவதற்குள்.

ஆட்டோகிளேவ் பக்கத்தில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து உள்ளே போட்டு இருபது நிமிடம் அவித்துவிட்டால் இந்தப் பிளேட் இருந்த சுவடே இருக்காது. நகத்தை வெட்டியாகிவிட்டது, இனி யாருக்கும் வராது. பேச்சித்தாயை எப்படியாவது பேசி உள்ளே கொண்டுவந்துவிடலாம். இப்படியெல்லாம் நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோகிளேவ் முன்னால் நெடுநேரம் நின்றேன்.

பிறகு வில்லைகள் வைத்தேன். தொட்டியைப் போல இதற்கும் ஜென்டாமைசினில் வட்டம் வந்துவிட்டால்? அப்படி வந்தால் நான் இல்லை என்று ஆகிவிடும். கடவுளே, ஒரு வட்டம்.

வடிவு குழந்தை அப்படியே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

ஜென்டாமைசின்: வட்டம் இல்லை. அமிகாசின்: பதினெட்டு.

மூன்று பிள்ளைகளின் பிளேட்டுகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தேன். என்னுடையதோடு சேர்த்து நான்கையும், தொட்டி பிளேட்டைத் தனியாகவும் டாக்டர் மெஹருன் மேஜையில் வைத்தேன். ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தேன். விரலைக் காட்டினேன். பதினான்காவது பிளேட்டில் நான் கையே வைக்கவில்லை என்றேன். தொட்டியின் வில்லை முடிவு பதினோராம் தேதியே தெரியும் என்றேன். வெட்டின கையுறையையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அவர் ஐந்து பிளேட்டையும் அளந்தார். இரண்டு தடவை அளந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பதினாலைப் பாத்தப்பவே எனக்கு உறுத்துச்சு. கையில ஒண்ணுமே இல்லாத மனுஷி யாரும் கிடையாது. நீங்களாச்சேன்னு விட்டுட்டேன்."

"ரிப்போர்ட்ட நானே எழுதுதேன் டாக்டர்."

"எழுதுங்க. பேரோட எழுதுங்க."

எழுதினேன். கிருமி இருந்த இடம் என்ற கட்டத்தில் என் பெயரும் விரலும். பேச்சித்தாய்க்கும் தொட்டிக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்று தனி வரி.

செப்டம்பர் 18, வியாழன்

மெமோ வந்தது. வேலைக்கு வர வேண்டாம். பார்கவி போன் பண்ணினாள், எடுக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

பேச்சித்தாய் வீட்டுக்குப் போனேன். "பேச்சியக்கா" என்று கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவளுக்கு யாரைக் கூப்பிடுகிறேன் என்றே தெரியவில்லை, திரும்பிப் பார்த்தாள். திங்கள் முதல் வரச் சொல்லி ஆள் வந்து சொன்னார்களாம். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக் கீரை ஆய்ந்தாள்.

"நான் கெஞ்சுனேம்லா அன்னைக்கி" என்றாள்.

"ஆமா."

"என் மருமவ ஒரு வாரமா பேரப்புள்ளயத் தூக்கவிடல."

கீரையை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

லில்லி போன். வடிவு குழந்தை பாலை உறிஞ்சிக் குடிக்கிறதாம். ரத்தத்தில் கிருமி இல்லை என்று இரண்டாவது கல்ச்சரும் வந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். வடிவு குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவளே வந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "யக்கா, ஒரு தடவ தூக்குங்க. ஒங்க கை பட்ட புள்ள" என்று நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. சொன்னேன். நகம், மருதாணி, கையுறை, பிளேட், எல்லாம். சுற்றி வளைக்கவில்லை. பதினோரு நாளாக அவள் பிள்ளை செத்துப் பிழைத்தது என்னால்தான் என்று அந்த வார்த்தையிலேயே சொன்னேன்.

நீட்டின பிள்ளையைத் திரும்பத் தோளில் சாய்த்துக்கொண்டாள். முகத்தை என் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"எந்த வெரலு?"

காட்டினேன். நகம் இல்லாமல் செக்கச்செவேலென்று இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையத்தான நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்" என்றாள்.

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. போய்விடுவாள் என்று நினைத்தேன். ஐந்தாறு எட்டு நடந்துவிட்டு நின்று திரும்பினாள்.

"செத்துப்போச்சே ஒரு புள்ள, எனக்கு முந்தி. அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீயளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அது, தாம் பாலுதான் சேரலன்னு சொல்லி அழுதுட்டுப் போச்சு. நான் கேட்டேன். அங்க போங்க மொதல்ல."

ரேவதி, கணவர் பெயர் மாரிசாமி, மேற்குத் தெரு, மேலப்பட்டி. லேப் ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது, லில்லியிடம் போனில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இவர் கூட வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். மேலப்பட்டிக்குக் காலையில் முதல் பஸ் ஆறே காலுக்கு.